வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும் மருந்து

பிறந்து மூணு நாளான குழந்தைக்கு மஞ்சள் காமாலைன்னு சொல்லி, கண்ணைக் கட்டி நீல லைட்டுக்குக் கீழே படுக்க வைப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். சங்கரன்கோவில் பக்கத்துப் பாட்டிமார் "பிள்ளைய லைட்டுல வச்சிருக்காவ" என்பார்கள். சுமார் 460 நானோமீட்டர் அலைநீளம் உள்ள அந்த நீல ஒளி, தோலில் தேங்கியிருக்கும் பிலிருபினின் வடிவத்தை மாற்றுகிறது. வடிவம் மாறிய பிலிருபின் உடம்பை விட்டு எளிதாக வெளியேறிவிடுகிறது. ஆக, வெளிச்சத்தை மருந்தாகக் கொடுக்கலாம் என்பது நமக்குப் புதுசு இல்லை.

இந்தக் கட்டுரை அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சிகிச்சையைப் பற்றியது. புற்றுநோயாக மாறக்கூடிய, ஆனால் இன்னும் மாறாத தோல் திட்டுகளை, கத்தி வைக்காமல், ஒரு கிரீமும் ஒரு சிவப்பு எல்.இ.டி விளக்கும் கொண்டு அழிக்கும் முறை. பெயர் போட்டோடைனமிக் தெரபி. தமிழில் ஒளியியக்கச் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளலாம். இனி சுருக்கமாக பி.டி.டி.

இதைப் பற்றிச் சொன்னதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "லேசர் வச்சு சுட்டுருவாங்களா?" இல்லை. இங்கே சூட்டுக்கு வேலையே கிடையாது. அந்த விளக்கை வெறும் கையில் அடித்தால் ஒன்றும் ஆகாது. அந்தக் கிரீமை இருட்டில் பூசிவிட்டு அப்படியே துடைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டும் சேர வேண்டும், கூடவே அந்த இடத்தில் ஆக்சிஜனும் இருக்க வேண்டும். ஈ.சி.ஈ மக்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது மூன்று இன்புட் உள்ள ஒரு ஆண்ட் கேட். மருந்து, ஒளி, ஆக்சிஜன் மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் "1" ஆனால்தான் செல் சாகும். ஒன்று குறைந்தாலும் அவுட்புட் பூஜ்யம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

கிரீமில் இருப்பது 5-அமினோலெவுலினிக் அமிலம், சுருக்கமாக ஏ.எல்.ஏ. இது வெளியூர்ச் சரக்கு இல்லை. நம் உடம்பே தினமும் இதைச் செய்கிறது. ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் இதிலிருந்துதான் படிப்படியாக உருவாகிறது. எவ்வளவு ஹீம் வேண்டுமோ அந்த அளவுக்குத்தான் ஏ.எல்.ஏ தயாராக வேண்டும் என்று உடம்பு முதல் படியிலேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வெளியிலிருந்து நாம் பூசும்போது அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டி நேரே உள்ளே போய்விடுகிறோம்.

ஹீம் தயாரிப்பின் கடைசிப் படி, புரோட்டோபோர்ஃபைரின் என்ற மூலக்கூறுக்குள் ஒரு இரும்பு அணுவைச் செருகுவது. இது மெதுவான வேலை. நம்ம ஊர் விசைத்தறிக் கூடத்தில் நூல் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது, ஆனால் நாலு தறிதான் ஓடுகிறது என்றால் என்ன ஆகும்? தறிக்கு முன்னால் சரக்கு குவியும். அதே மாதிரி இரும்பு ஏறாத புரோட்டோபோர்ஃபைரின் செல்லுக்குள் குவிகிறது. கெட்டுப்போன செல்களில் இது இன்னும் அதிகம். அங்கே மேல்தோலின் தடுப்பு சிதைந்திருப்பதால் கிரீம் நன்றாக உள்ளே இறங்குகிறது. இரும்பைச் செருகும் நொதியும் பல நேரங்களில் மந்தமாக இருக்கிறது. நல்ல தோலையும் கெட்ட தோலையும் மருந்து பிரித்துப் பார்ப்பது இந்த இரண்டு காரணங்களால்தான்.

இப்போது விளக்கைப் போடுவோம். 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானில் எவ்வளவு ஆற்றல்? 1240-ஐ 630-ஆல் வகுத்தால் சுமார் 1.97 எலக்ட்ரான் வோல்ட். புரோட்டோபோர்ஃபைரின் அதை விழுங்கி, கிளர்ந்த நிலைக்குப் போய், கொஞ்சம் ஆற்றலை இழந்து ட்ரிப்லெட் நிலையில் வந்து உட்காருகிறது. முதல் வருட கெமிஸ்ட்ரியில் மூலக்கூறு ஆர்பிட்டால் படம் வரைந்தோமே, ஆக்சிஜனில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் தனித்தனியாக நிற்குமே, அது ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்த அந்தப் படம்தான் இங்கே முக்கியம். சாதாரண ஆக்சிஜனே ஒரு ட்ரிப்லெட். ட்ரிப்லெட்டில் இருக்கும் போர்ஃபைரின் தன் ஆற்றலை அதனிடம் கைமாற்றி, அதை சிங்லெட் ஆக்சிஜனாக மாற்றிவிடுகிறது. இதற்குத் தேவை வெறும் 0.98 எலக்ட்ரான் வோல்ட்தான். நம் கையில் 1.97 இருந்ததால் வழியில் நடந்த இழப்பு போகவும் போதுமானது மிச்சம்.

சிங்லெட் ஆக்சிஜன் ஒரு முரடன். பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம் எதையும் விடாது. ஆனால் அதன் ஆயுள் செல்லுக்குள் மைக்ரோ விநாடிக் கணக்கில்தான். அதற்குள் அது நகரும் தூரம், ஒரு செல்லின் அகலத்தில் நூறில் ஒரு பங்கு அளவே. பிறந்த இடத்தைத் தாண்டி எங்கும் போகாது. புரோட்டோபோர்ஃபைரின் மைட்டோகாண்ட்ரியாவில் உருவாவதால் முதல் அடி அங்கேதான் விழுகிறது. மின் நிலையம் போனால் ஊர் இருண்டுவிடும், செல்லும் அப்படித்தான். பக்கத்து நல்ல செல் தப்பிக்கிறது. இத்தனை நுணுக்கமாக வெட்டுகிற கத்தி எந்த சர்ஜனிடமும் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

என்ன நிறம், எவ்வளவு நேரம்?

புரோட்டோபோர்ஃபைரின் ஒளியை மிக அதிகமாக விழுங்குவது 410 நானோமீட்டர் பக்கம், அதாவது ஊதா கலந்த நீலத்தில். 630-இல் இருப்பது அதற்கு முன்னால் ஒரு சின்னக் குன்று. அப்படியென்றால் நீலத்தையே போட வேண்டியதுதானே? பிரச்சினை என்னவென்றால், நீல ஒளி தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர் கூட உருப்படியாகப் போகாது. ரத்தமும் மெலனினும் அதை மேலேயே பிடித்துவிடும். சிவப்பு சில மில்லிமீட்டர் இறங்கும். டார்ச்சைக் கையில் பொத்திப் பிடித்தால் விரல் சிவப்பாகத் தெரிகிறதே, காரணம் இதுதான். மேலாக இருக்கும் மெல்லிய திட்டுக்கு நீலம் போதும், கொஞ்சம் தடித்ததற்குச் சிவப்பு வேண்டும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 1999 டிசம்பரில் அனுமதி கிடைத்த முறையில் நீல விளக்கு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் தரும். அதை 16 நிமிடம் 40 விநாடி, அதாவது 1000 விநாடி அடிக்க வேண்டும். பெருக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 10 ஜூல். சிவப்பு எல்.இ.டி முறையில் வழக்கமான அளவு 37 ஜூல். ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

"வாட்டைக் கூட்டி ஒரே நிமிடத்தில் முடிச்சிட்டா என்ன?" இந்தக் கேள்வி வந்தால் நீங்கள் சரியான பாதையில் யோசிக்கிறீர்கள். ஆனால் மூன்றாவது இன்புட்டை மறந்துவிட்டீர்கள். வெளிச்சம் ரொம்ப வேகமாக விழுந்தால் ரத்தம் கொண்டுவருவதை விட வேகமாக ஆக்சிஜன் செலவாகும். ஆக்சிஜன் தீர்ந்த பிறகு விழும் ஒளி வீண். அதனால்தான் சில இடங்களில் நடுவில் நிறுத்தி, இடைவெளி விட்டு, மறுபடி அடிக்கிறார்கள்.

இதில் ஒரு கஷ்டமும் இருக்கு. விளக்கு எரியும்போது வலிக்கும், சுள்ளென்ற எரிச்சல். சிலர் பாதியில் எழுந்துவிடுவதும் உண்டு. இதற்கு ஒரு எளிய வழியை டென்மார்க் தோல் மருத்துவர்கள் பிரபலப்படுத்தினார்கள். கிரீமைப் பூசி அரை மணி நேரத்துக்குள் நோயாளியை வெளியே பகல் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது. போர்ஃபைரின் குவிந்த பிறகு மொத்தமாக அடிக்காமல், உருவாக உருவாகச் செலவழிப்பதால் வலி வெகுவாகக் குறைகிறது. விளக்கும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். எந்த முறையாக இருந்தாலும் முடிந்த பிறகு ஒன்றிரண்டு நாள் அந்த இடத்தில் வெயில் படக் கூடாது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர் அக்ரிடின் என்ற சாயத்தில் பாரமீசியத்தைப் போட்டு, அது சாக எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே அளவு சாயம், ஆனால் ஒவ்வொரு நாளும் வேறு வேறு விடை. வித்தியாசத்துக்குக் காரணம் அன்றைய வெளிச்சம் என்று கண்டுபிடித்து 1900-இல் வெளியிட்டார். நம்மாக இருந்தால் "ரீடிங் சரியா வரல சார்" என்று சொல்லிவிட்டு நண்பனின் அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்து எழுதியிருப்போம். அவருடைய பேராசிரியர் ஃபோன் டாப்பைனர் ஆக்சிஜனும் தேவை என்று காட்டி, இந்த விளைவுக்குப் பெயரும் வைத்தார். 1912-இல் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 200 மில்லிகிராம் ஹீமட்டோபோர்ஃபைரினைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் போய், முகம் வீங்கி, மாதக்கணக்கில் வெளிச்சத்துக்கு அஞ்சி வாழ்ந்தார். ரத்தத்தில் ஏற்றினால் உடம்பு முழுக்க இந்தப் பாடு. ஆகவே தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பூசுகிற மருந்தாக ஏ.எல்.ஏ-வை 1990-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் கென்னடியும் பாட்டியரும் முன்வைத்ததுதான் தோல் சிகிச்சைக்குக் கதவைத் திறந்தது.

நம்ம ஊர்ல கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வார்களே, அதுவும் இதுதானா என்று கேட்கலாம். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், உள்ளே வேறு. கார்போகரிசியில் இருக்கும் சோராலென், புற ஊதாக் கதிர் பட்டதும் டி.என்.ஏ-வோடு போய் ஒட்டிக்கொள்கிறது. வெண்புள்ளிக்கும் சோரியாசிஸுக்கும் அதை வைத்து நவீன மருத்துவத்திலும் சிகிச்சை உண்டு. ஆனால் டி.என்.ஏ-வில் கை வைப்பதால், வருடக்கணக்கில் தொடர்ந்தால் வெள்ளைத் தோல்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. (வெண்புள்ளி புற்றுநோயும் இல்லை, தொற்றும் இல்லை. இதைச் சொல்ல இடம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும்.)

நம்ம வெயிலுக்கு இது யாருக்குத் தேவை?

பி.டி.டி குறிவைப்பவற்றில் ஒன்று ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்ற திட்டுகள். வருடக்கணக்கில் வெயில் பட்ட நெற்றி, வழுக்கைத் தலை, காது, புறங்கை போன்ற இடங்களில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக வரும். எல்லாம் புற்றுநோயாக மாறாது, சில மாறும். எது மாறும் என்று முன்கூட்டியே தெரியாததால் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரப் பெரியவர்களுக்கு இது சர்வசாதாரணம்.

சங்கரன்கோவிலில் அடிக்காத வெயிலா? கரிசல் காட்டில் காலை முதல் நிற்கிற ஆட்களுக்கு ஏன் இது அதிகம் வருவதில்லை? மெலனின். "கறுத்துட்டியே" என்று கிண்டல் செய்கிற அதே கறுப்புதான் செல்லின் உட்கருவுக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதே மெலனின் பி.டி.டி-க்கும் கொஞ்சம் இடைஞ்சல். சிகிச்சை வெளிச்சத்தில் ஒரு பங்கை அது விழுங்கும், புண் ஆறிய பிறகு கருந்தழும்பும் விடலாம். வெளிநாட்டு அளவுகளை நம் தோலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் குடை இல்லாதவர்களும் நம்ம ஊரில் இருக்கிறார்கள். அல்பினிசம் உள்ளவர்கள். பள்ளிக்கூடத்தில் "வெள்ளைக்காரன்" என்று பட்டப்பெயர் வைத்து, கண் கூசுவதைப் பார்த்துச் சிரித்திருப்போமே, அவர்கள். அவர்கள் உடம்பில் மெலனின் உருவாவது மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. நம்ம வெயிலில் அவர்களுக்கு இந்தத் திட்டுகள் இளம் வயதிலேயே வரக்கூடும், புற்றுநோயாகவும் மாறக்கூடும். முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, சன்ஸ்கிரீன், வருடம் ஒரு தடவையாவது தோல் டாக்டர் பரிசோதனை, இது அவர்களுக்கு அலங்காரம் இல்லை. மேற்கு வங்கத்தில் இன்னொரு கூட்டம் உண்டு. நிலத்தடி நீரில் ஆர்செனிக் கலந்த ஊர்களில் உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்புகள் வந்து, சிலருக்கு போவன் நோய் என்ற புற்றுக்கு முந்தைய நிலை ஏற்படுகிறது. 1983-இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா அடையாளம் கண்ட பிரச்சினை அது. போவன் நோய்க்கும் பி.டி.டி பயன்படுகிறது.

இருந்தாலும் இந்தியாவில் இந்தச் சிகிச்சைக்கு உண்மையான களம் தோலை விட வாய்தான் என்று நினைக்கிறேன். வாயின் உட்புறமும் தோலின் உறவுக்காரத் திசுதான், மேலே அந்தத் தடித்த காய்ந்த அடுக்கு மட்டும் இருக்காது. தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் எத்தனை வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள், எத்தனை ஆச்சிமார் வெற்றிலையோடு புகையிலை போடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். 2013-லேயே தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை போட்டாச்சு. பாக்கெட் எங்கே கிடைக்கும் என்று ஹாஸ்டல்காரர்களைக் கேட்டால் தெரியும். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மட்டுமே மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கன்னத்தின் உட்புறம் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் முழுசாகத் திறக்க முடியாத இறுக்கம், இவை முன் அறிகுறிகள்.

அலிகாரில் செய்து பார்த்தது

இந்த இடத்தில்தான் இன்ஜினியரிங் உள்ளே வருகிறது. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தய்யபா ஹசன் குழு, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் செல்லி குழு, உத்தரப்பிரதேசம் அலிகாரின் ஜவஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், இவர்கள் சேர்ந்து ஒரு மலிவான கருவியைச் செய்தார்கள். லட்சக்கணக்கில் விலையுள்ள லேசருக்குப் பதில் 635 நானோமீட்டர் எல்.இ.டி. 2015-இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில், கரண்ட் நம்ப முடியாத ஊர்களுக்காகப் பேட்டரியில் ஓடும் எல்.இ.டி-யே போதும் என்று ஆய்வகத்தில் காட்டினார்கள். பிறகு வாய்க்குள் கன்னத்துக்கு ஏற்ற மாதிரி ஒளியைக் கொண்டுபோக 3டி பிரிண்டரில் செய்த முனைகள். திட்டு எங்கே முடிகிறது என்று பார்க்க ஒரு ஸ்மார்ட்போன். ஊதா ஒளி பட்டால் புரோட்டோபோர்ஃபைரின் சிவப்பாக ஒளிரும் இல்லையா, அதை ஃபோன் கேமரா முன்னால் ஒரு ஃபில்டர் வைத்துப் படம் பிடிப்பது.

ஆரம்பக் கட்டக் கன்னப் புற்றுநோய் உள்ள 30 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலர் கிராமத்து முகாம்களில் கண்டறியப்பட்டவர்கள். ஏ.எல்.ஏ-வைக் குடிக்கக் கொடுத்து, சதுர சென்டிமீட்டருக்கு 100 ஜூல் ஒளி. மயக்க மருந்து தேவைப்படவில்லை. 30 பேரில் 22 பேருக்கு நோயின் மிச்சமே தெரியவில்லை. முடிவுகள் 2022-இல் வெளிவந்தன.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது மீதி 8 பேர்தான். வேலை செய்யும்போது புரோட்டோபோர்ஃபைரின் தானும் சிதையும், அதனால் அதன் ஒளிர்வு மங்கும். சிகிச்சை தோற்ற இடங்களில் இந்த மங்கல் போதுமான அளவு நடக்கவில்லை என்று படங்கள் காட்டின. கட்டி பெரிதாக இருந்தது, அல்லது ஒளி போய்ச் சேரவில்லை. மருந்து இருந்தது, ஒளி இல்லை. இது மருத்துவத்தை விட கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பிரச்சினை. ஒளிர்வை அளந்துகொண்டே, மங்கும் வரை அந்த மூலைக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுக்கிற ஒரு க்ளோஸ்டு லூப் ஏன் இருக்கக் கூடாது? சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் துறை திசுக்களின் ஒளிர்வு நிறமாலையை வைத்து வாய்ப்புற்றை அடையாளம் காணும் ஆராய்ச்சியைப் பல வருடமாகச் செய்துவருகிறது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு "லைன் ஃபாலோயர் ரோபோ" தாண்டி யோசிப்பவர்கள் அந்தப் பக்கம் போய்ப் படிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் சிவப்பு எல்.இ.டி முகமூடிகள் விற்கிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டில் யார் மேலும் எதையும் பூசி லைட் அடித்துப் பார்க்க வேண்டாம். எந்தத் திட்டாக இருந்தாலும் முதலில் சின்னத் துண்டு எடுத்து பயாப்சி பார்த்த பிறகுதான் எந்தச் சிகிச்சை என்ற பேச்சு. ஏற்கனவே ஆழமாக இறங்கிய புற்றுநோய்க்கு மேலாக ஒளி அடித்தால் மேல்பகுதி மட்டும் ஆறி உள்ளே வளரும். நம்ம சங்கரநாராயணர் கோவில் புற்றுமண்ணைத் தோல் வியாதிக்குப் பூசுவது வழிவழியாக வந்த நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. பூசுகிறவர்கள் பூசட்டும். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், ரத்தம் கசிகிற திட்டு, வாய்க்குள் போகாத வெள்ளை என்றால் அதோடு ஒரு நாள் லீவு போட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்க.

லேபில் பாதுகாப்பாகச் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் பால் கலந்தால், ஒளியைச் சிதறடிப்பதில் அது திசு மாதிரி நடந்துகொள்ளும். ஒரு பக்கம் எல்.இ.டி, மறுபக்கம் ஃபோட்டோடயோடு. நீலம் ஒரு தடவை, சிவப்பு ஒரு தடவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெலனினுக்குப் பதிலாக ஒரு துளி காபிப் பொடிக் கரைசலை விட்டு மறுபடி அளங்கள்; எந்த நிறம் அதிகம் அடிவாங்குகிறது என்று கிராஃப் போட்டுப் பாருங்கள். அளக்கும்போது ரூம் லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ட்யூப்லைட்டையும் சேர்த்து அளந்துகொண்டிருப்பீர்கள்.